வருகிறவரா, நிற்கிறவரா?

டிசம்பர் முதல் தேதி பிறந்துவிட்டால் போதும், காகித நட்சத்திரங்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. கரோல் பவனிக்கு ஆள் சேர்க்கிறார்கள், கேக்குக்கு ஆர்டர் போகிறது, குடிலுக்கு வைக்கோல் தேடுகிறார்கள். நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கி நான்கு ஞாயிறுகள் நீளும் திருவருகைக் காலம் இந்தச் சந்தடியில் எங்கோ ஒதுங்கிப் போகிறது. கத்தோலிக்கக் கோயிலில் குருவானவர் ஊதா உடை போட்டிருப்பார், 'உன்னதங்களிலே' பாட்டு நின்றிருக்கும்; சி.எஸ்.ஐ. கோயிலில் 'அட்வெந்து ஞாயிறு' என்று அறிவிப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் தெரியும். காத்திருக்கவே மறந்துவிட்டோம், டிசம்பர் முழுவதையும் கிறிஸ்துமஸ் ஆக்கிவிட்டோம் என்று ஆண்டுதோறும் ஒரு பிரசங்கம் நடக்கும். அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் குறை வேறு. காலத்தை ஒழுங்காக அனுசரிக்கிறவர்கள்கூட அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்களோ என்பதுதான் என் சந்தேகம். வெளியூரிலிருந்து விருந்தாளி வருகிறார், வண்டி நேரம் 25ஆம் தேதி, அதற்குள் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு படம் நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வீடு பெருக்குவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் படத்தில் கடவுள் இப்போது இங்கே இல்லை. அங்கேதான் கோளாறு.

திருவருகைக் காலத்துக்கென்று திருச்சபை பொறுக்கி வைத்திருக்கும் வாசகங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. இரண்டாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறுக்கு யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம். எருசலேமிலிருந்து வந்த குருக்களும் லேவியரும் திருமுழுக்கு யோவானைக் குடைகிறார்கள்: நீ யார், மெசியாவா, எலியாவா? அதற்கு யோவான் தரும் பதிலின் கூர்மையை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. எதிர்பார்க்கப்படுகிறவர் ஏற்கெனவே இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நிற்கிறார், உங்களுக்குத்தான் அவரைத் தெரியவில்லை என்பது அந்தப் பதிலின் சாரம். 'வழியில் இருக்கிறார்' என்றோ 'சீக்கிரம் வந்துவிடுவார்' என்றோ யோவான் சொல்லவில்லை. ஆக, அங்கே குறைவாக இருந்தது கடவுளின் வருகை இல்லை, மனிதரின் பார்வை. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து தம் திருவருகைக் காலச் சொற்பொழிவுகளில் மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார். முதலாவது பெத்லகேமில், மூன்றாவது உலக முடிவில். இவ்விரண்டையும் எல்லாருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவே மறைவாக நடக்கிற ஒரு வருகை உண்டு, அதைக் காண்கிறவர்கள் சிலரே என்பது அவருடைய கருத்து. நாம் முதலாவதற்குக் குடில் கட்டுகிறோம், மூன்றாவதைப் பற்றிப் பயந்துகொள்கிறோம். நடுவில் இருப்பதை அப்படியே தாண்டிப் போய்விடுகிறோம்.

பெர்நார்தின் காலம் 1090 முதல் 1153 வரை. இந்த ஆண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவு காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிச் சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருப்புட்குழிக்குப் போய்விடும். வைணவ மரபுக் கணக்குப்படி இராமாநுசர் வாழ்ந்தது 1017 முதல் 1137 வரை. இரண்டு பேரும் ஒரே பூமியில் சில பத்தாண்டுகள் ஒன்றாக மூச்சு விட்டிருக்கிறார்கள், ஒருவர் பெயரை ஒருவர் கேள்விப்படாமலே. இளைஞர் இராமாநுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தப் பாடம் கேட்டது திருப்புட்குழியில்தான் என்பது மரபு. அந்தப் பாடசாலைக் கதைகளில் ஒன்று நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. குருவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறார் சீடர். பாடம் சாந்தோக்ய உபநிடதம். சூரிய மண்டலத்தின் நடுவே இருக்கும் பொன்மயமான புருஷனின் கண்களை வர்ணிக்கும் இடம். அங்கே 'கப்யாசம்' என்று ஒரு சொல். கபி என்றால் குரங்கு, ஆகவே குரங்கின் பின்பக்கம் போலச் சிவந்த தாமரை, அதைப் போன்ற கண்கள் என்று குரு பொருள் சொல்கிறார். சீடரின் கண்ணிலிருந்து சூடாக ஒரு துளி குருவின் தொடையில் விழுகிறது. என்னப்பா என்று கேட்கிறார் குரு. கபி என்றால் நீரைக் குடிக்கிறவன், அதாவது சூரியன். கதிரவனால் மலர்ந்த தாமரை போன்ற கண்கள் என்றல்லவா பொருள் என்கிறார் சீடர். ஏடு ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். இலக்கணம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது. யார் முகத்தைப் படிக்கிறோம் என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. யோவானைச் சுற்றி நின்ற லேவியர்களும் வேதம் கற்றவர்கள்தாம். அவர்களிடம் ஏடு இல்லாமல் போகவில்லை.

இராமாநுசருக்கும் திருவருகைக் காலத்துக்கும் முடிச்சுப் போடுவது என் சொந்தச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முன்பே, என்னைவிடத் தகுதியுள்ள ஒருவர் இதற்கு நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ.ஜே. அப்பாசாமி. ஆக்ஸ்போர்டில் அவர் செய்த ஆராய்ச்சி, யோவான் நற்செய்தியின் ஆன்மிகத்தைப் பக்தி இலக்கியத்தோடு வைத்துப் பார்ப்பது. அதிலிருந்து விளைந்தது 'பக்தி மார்க்கமாகக் கிறிஸ்தவம்' என்ற பொருள்படும் ஆங்கில நூல், 1927இல். அந்தக் காலத்தில் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் பலரும் சங்கரரின் அத்வைதத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாசாமி இராமாநுசரிடம் போனார். காரணம் எளிது: பக்தனும் இறைவனும் ஒன்றே என்றாகிவிட்டால் அழைப்பதற்கு ஒருவர், பதில் சொல்வதற்கு ஒருவர் என்று இருவர் இருக்க முடியாது. அன்புக்கு இரண்டு பேர் வேண்டும். தந்தையோடு தாம் ஒன்று என்று இயேசு சொன்னதைக்கூட அப்பாசாமி அன்பினாலும் சித்தத்தாலும் ஏற்பட்ட ஒருமையாகத்தான் வாசித்தார். அதற்காகத் திட்டும் வாங்கினார். வைணவம் இறைவனின் நிலைகளை ஐந்தாகச் சொல்லும்: பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை. இவற்றில் அப்பாசாமியைப் பிடித்துக்கொண்டது அந்தர்யாமி, அதாவது எல்லாவற்றுக்கும் உள்ளிருந்து இயக்குகிறவர் என்னும் நிலை. வார்த்தையானவர் உலகில் இருந்தார், உலகமோ அவரை அறிந்துகொள்ளவில்லை என்கிற பொருளில் யோவான் நற்செய்தி தொடங்குகிறதே, அந்த இடத்தை அந்தர்யாமி என்ற சொல்லின் வெளிச்சத்தில் வைத்து வாசித்தார் அவர். பெத்லகேமில் பிறப்பதற்கு முன்பே உலகுக்குள் இருந்தவர், பிறந்த பிறகு கண்ணுக்குத் தெரிந்தார். நாம் மறந்துபோன திருவருகைக் காலமும் இதுவேதான்.

இரண்டு பக்கத்திலிருந்தும் இங்கே ஆட்சேபம் எழும். உள்ளேயே இருக்கிறார் என்றால் 'ஆண்டவரே வாரும்' என்று நான்கு வாரம் பாடுவது எதற்கு என்பது ஒன்று. இதெல்லாம் சமயக் கலப்பு, சுவிசேஷத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சொல்வது எளிது. இருப்பதும் அறியப்படுவதும் வேறு வேறு. ஒரே வீட்டில் நாற்பது வருடம் குடித்தனம் செய்தும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் இருக்கிறார்கள். 'வாரும்' என்று பாடும்போது அவரை இடம்பெயரச் சொல்லவில்லை, எங்கள் பார்வைக்குள் வாரும் என்கிறோம். வைணவர்களும் இதே கேள்வியைச் சந்தித்தவர்கள்தாம். அந்தர்யாமி என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், அவதாரமாகிய விபவத்தையும் கோயில் திருமேனியாகிய அர்ச்சையையும் சேர்த்து ஐந்தாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கிறவரைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்கிற தவிப்பு அது. இரண்டாவது ஆட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கிறிஸ்தவத்துக்கு மனிதராதல் ஒரே முறை நடந்தது, வரலாற்றில் நடந்தது, திரும்ப நடக்காது. வைணவ அவதாரக் கோட்பாட்டோடு அது ஒட்டாது. அப்பாசாமியும் அதை மறைக்கவில்லை. பாவத்தின் கனத்தை அவர் போதுமான அளவு உணர்த்தவில்லை என்று குறை சொன்னவர்களையும் நான் முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் 'கலப்பு' என்ற சொல்தான் பொருத்தமாக இல்லை. காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு வேலைப்பாடு உண்டு. உடலுக்கு ஒரு நிறப் பாவு, கரைக்கு வேறு நிறப் பாவு. மூன்று நாடா. நடுவில் இருக்கிற நெசவாளர் கை ஒரு பக்கத்துக் கரைக்குத்தான் எட்டும். மறு கரைக்கு நாடா எறிய இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. புடவை நைந்து போனாலும் கரை தனியாகக் கழன்று வராது என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கே சாயம் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அரக்கு அரக்காகவே இருக்கிறது, மயில் கழுத்து மயில் கழுத்தாகவே இருக்கிறது. அப்பாசாமி முயன்றது சாயத் தொட்டி வேலை இல்லை, கோர்வை வேலை.

சரி, இருப்பை அறிவது ஒருபுறம் இருக்கட்டும். அழைப்பு? கடவுள் என்னை அழைத்தார் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்; சொல்லிக்கொண்டு ஊரைக் கெடுத்தவர்களுக்கும் பஞ்சமில்லை. சொந்த ஆசையைத் தெய்வக் குரல் என்று நம்பிவிடுவது மனிதருக்குக் கைவந்த கலை. இந்தச் சந்தேகத்தை நம்பிக்கையற்றவர்களின் வாதம் என்று ஒதுக்காமல் முதலில் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. திருவருகைக் கால வாசகங்களில் வரும் அழைப்புகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. யாருக்குமே அவரவர் விரும்பியது கிடைக்கவில்லை. யோசேப்பு மரியாவைச் சத்தமில்லாமல் விலக்கிவிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் கனவு வருகிறது. அதுவும் அந்த முடிவுக்கு நேர் எதிராக. மரியா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை, இது எப்படி நடக்கும் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, சம்மதித்துவிட்டு, யூதேய மலைநாட்டுக்கு எலிசபெத்தைப் பார்க்க விரைகிறார். அங்கே வயது முதிர்ந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து அவருக்கு உறுதி கிடைக்கிறது. திருவருகைக் காலத்துக்கு வெளியே போனால் சாமுவேல்: சிறுவனுக்கு மூன்று முறை குரல் கேட்கிறது, மூன்று முறையும் ஏலி கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுகிறான். அது யார் குரல் என்று சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கண் மங்கிய கிழவர். அந்த அழைப்பில் வந்த முதல் செய்தியோ அவருடைய குடும்பத்துக்கே எதிரான தீர்ப்பு. ஆக, நம் விருப்பத்தோடு மோதுகிறதா, வேறொருவர் வாயால் உறுதிப்படுகிறதா, ஏதாவது விலை கேட்கிறதா என்று பார்க்கலாம். இவை தவறே செய்யாத அளவுகோல்கள் என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனால் என்னைப் பாராட்டிக்கொண்டே வருகிற குரலை இரண்டு முறை சந்தேகப்படுவதற்கு இவை போதும்.

இராமாநுசர் கதையிலும் இதே போக்குதான். யாதவப்பிரகாசரோடு பிணக்கு முற்றி, கங்கை யாத்திரை என்ற பெயரில் இராமாநுசரைத் தொலைத்துக்கட்டத் திட்டம் போடுகிறார்கள். சிற்றன்னை மகன் கோவிந்தர் எச்சரிக்க, விந்தியக் காட்டில் இராமாநுசர் தனியாக விலகி ஓடுகிறார். ஒரு வேடனும் அவன் மனைவியும் வழித்துணையாக வருகிறார்கள். விடியும் வேளையில் அந்தப் பெண் தாகம் என்கிறாள். கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். தூரத்தில் கோபுரம். இது எந்த ஊர் என்று விசாரித்தால் காஞ்சி. வந்தது காஞ்சிப் பெருமாள் வரதராசரும் பெருந்தேவித் தாயாரும் என்பது அப்போதுதான் உறைக்கிறது. கூடவே நடந்தபோது தெரியவில்லை, போன பிறகு தெரிந்தது. பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த யாக்கோபுக்கும் விழித்த பிறகுதான் தெரிந்தது. எம்மாவு சாலையில் நடந்தவர்களுக்கும் அப்படியே. அடையாளம் காண்பது பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் நடக்கிறது என்றால், திருவருகைக் காலத்தில் முன்னால் வரப்போவதையே பார்த்துக்கொண்டிருப்பது பாதி வேலைதான். கடந்த பதினொரு மாதத்தில் யாருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தோம், யாருக்குக் கொடுக்காமல் விட்டோம் என்று புரட்டிப் பார்ப்பது மீதிப் பாதி. அடுத்து இராமாநுசருக்கு மனதில் சில ஐயங்கள். வரதராசருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்த திருக்கச்சி நம்பியிடம் போகிறார். பூவிருந்தவல்லிக்காரர், பிராமணர் அல்லாதவர். பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்கிறார். நம்பி வாயிலாக ஆறு வார்த்தைகள் வருகின்றன. கடைசி வார்த்தை, பெரிய நம்பியைக் குருவாகக் கொள் என்பது. அன்றைய சமூக ஏணியில் தமக்குக் கீழே என்று சொல்லப்பட்டவரிடமிருந்துதான் இராமாநுசருக்கு அவருடைய அழைப்பு வந்து சேர்ந்தது.

திருப்புட்குழி என்ற பெயருக்கே இப்போது வருகிறேன். புள் என்றால் பறவை. இராவணனால் சிறகு வெட்டுண்ட சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். இராமாயணத்தை மண்ணில் இறக்கிவைக்கும் ஆசையில் புள்ளபூதங்குடியும் புள்ளிருக்குவேளூரும் அதே உரிமையைக் கோருகின்றன, அது போகட்டும். மூலவர் விஜயராகவப் பெருமாள், தாயார் மரகதவல்லி, திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்விய தேசம். வெற்றியைப் பெயரிலேயே வைத்திருக்கிற பெருமாள் தோற்றுப்போன ஒரு கிழப் பறவையின் ஊரில் நிற்கிறார் என்பது எனக்குத் தீராத வியப்பு. சடாயுவுக்கு வந்த அழைப்பு எப்படிப்பட்டது? அசரீரி எதுவும் ஒலிக்கவில்லை, கனவும் வரவில்லை. ஆகாயத்தில் ஒரு பெண் கதறுகிற சத்தம். அவருக்கு வயதாகிவிட்டது, எதிரியோ இலங்கை வேந்தன், வெல்ல முடியாது என்று தெரியும். போனார், தோற்றார், சீதையை மீட்க முடியவில்லை. எந்தத் திசையில் கொண்டுபோனான் என்று சொல்ல மட்டும் உயிர் மிச்சம் இருந்தது. அந்தப் பறவைக்கு இராமன் மகன் ஸ்தானத்தில் நின்று கொள்ளி வைத்தான். அழைப்பு என்றால் வெற்றிக்கான உத்தரவாதம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊர் ஒரு நெருடல். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் கடைசித் தீர்ப்பிலும் இதே தொனி கேட்கிறது. பசித்தவரிடமும் சிறையில் கிடந்தவரிடமும் போனவர்களுக்கு யாரிடம் போகிறோம் என்று போகும்போது தெரியவில்லை. அரசர் சொன்ன பிறகுதான் வியந்து கேட்கிறார்கள்.

இங்கே எனக்குள் ஒரு குரல் இடைமறிக்கிறது. அது மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவுவின் குரல் மாதிரி இருக்கிறது. 'பரட்டை' என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர், 2005இல் மறைந்தவர். கர்நாடக சங்கீதக் கீர்த்தனையும் சமஸ்கிருதமயமான இறையியலும் மேல்சாதியின் சொத்து, சேரிக் கிறிஸ்தவனுக்கு அதில் என்ன பங்கு என்று அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்னும் 'ஒரு உலை'யை அவர் இறையியலின் நடுவில் வைத்தார். அப்படிப்பட்டவர் முன்னால் இராமாநுசர், அந்தர்யாமி, உபநிடதம் என்று பேசினால் என்ன ஆகும்? சென்னை மாகாணத்தில் எல்லாக் கோயில்களுக்கும் பொருந்தும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல்தான். அதற்கு முன்பு யாருடைய தாத்தாக்கள் கோயிலுக்கு வெளியே நின்றார்களோ, அவர்களிடம் கோயிலுக்குள்ளே இருந்த இறைப் பிரசன்னத்தைப் பற்றி உருகுவது நாகரிகமா? இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் இதே கேள்வி மாதா கோயில் வாசலிலும் நிற்கிறது. வடக்கன்குளத்தில் இரண்டு சாதியார் தனித்தனியே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமிருந்து ஒரே பீடத்தைப் பார்க்கும்படி கால்சட்டை வடிவத்தில் கோயிலைக் கட்டி, நடுவே சுவரும் வைத்திருந்தார்கள். 1910 வாக்கில்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததற்கு வழக்கும் நடந்தது. பீடத்தில் அப்பத்தில் ஆண்டவரைக் காண்கிறேன் என்று முழங்கால் போட்டவர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் முழங்காலிட்டவர் கண்ணில் படவில்லை. அத்தனை டிசம்பர்களிலும் அங்கே திருவருகைக் காலப் பூசைகள் நடந்திருக்கும், ஊதா உடையோடு. ஆகவே அப்பாவுவின் கேள்வி என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னும் இறுக்குகிறது. இருப்பை அறிவது என்றால் யாருடைய இருப்பு என்று அவர் கேட்கிறார். வேடர் தம்பதியும் திருக்கச்சி நம்பியும் சடாயுவும் அந்தப் பழைய கதைகளுக்குள்ளேயே அதே கேள்வியோடு நிற்கிறார்கள், உபநிடதப் பாடத்துக்குக் கொஞ்சம் வெளியே.

காத்திரு, விழித்திரு என்று சொல்வது ஏழைகளைச் சும்மா இருக்க வைக்கும் தந்திரம் என்பாரும் உண்டு. அப்படிப் பயன்பட்ட காலங்கள் இருந்தன. ஆனால் திருவருகைக் காலத்தின் பாட்டுக்காரி மரியா. டிசம்பர் 22ஆம் தேதி வாசகமாக வரும் அவருடைய பாட்டில் வலியோர் அரியணையிலிருந்து இறங்குகிறார்கள், செல்வர் வெறுங்கையோடு போகிறார்கள். அது தாலாட்டு இல்லை. ஆல்ஃபிரட் டெல்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு 1944 டிசம்பரில் பெர்லின் டேகல் சிறையில், கையில் விலங்கோடு திருவருகைக் காலத்தைப் பற்றி எழுதினார். நாஜிகளின் நீதிமன்றம் சாவுத் தீர்ப்புத் தரக் காத்திருந்த நாட்கள் அவை. 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிட்டார்கள். மனிதன் அடியோடு உலுக்கப்பட்டு விழித்தெழும் காலம் இது என்று எழுதியவரைப் பார்த்து, மக்களைத் தூங்க வைக்கிறாய் என்று சொல்வது கஷ்டம்.

டிசம்பர் 17இலிருந்து வாசகங்களின் வேகம் கூடுகிறது. நம் பக்கம் மார்கழி பிறப்பதும் கிட்டத்தட்ட அன்றுதான். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பும் மாதம் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொடங்குவது வெறும் காலண்டர் பொருத்தமாக இருக்கலாம், ஆனாலும் நல்ல பொருத்தம். 19ஆம் தேதி செக்கரியா, எலிசபெத்து கதை. தூபம் காட்டப் போன இடத்தில், பிள்ளையில்லாத கிழக் குருவுக்குப் பிள்ளை பிறக்கும் என்று செய்தி. நம்பவில்லை, பிள்ளை பிறந்து பெயர் வைக்கிற வரைக்கும் வாய் அடைத்துப்போனது. அந்தக் காலத்தின் இன்னொரு வாசகம் எசாயா 11: வெட்டி எறிந்த ஈசாய் மரத்தின் அடியிலிருந்து ஒரு தளிர். திருப்புட்குழிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரகதவல்லித் தாயாருக்கு வறுத்த பயறு முளைக்க வைக்கும் தாயார் என்றே பெயர். பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள் தீர்த்தத்தில் குளித்து, மடைப்பள்ளியில் வறுத்து ஊறவைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். காலையில் எழுந்து முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஈரத் துணி, உள்ளே கருகின வாசனை போகாத பயறு, அதில் எங்காவது வெள்ளையாக ஒரு முனை தலைகாட்டுகிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் திருவருகைக் காலம். வறுத்தால் முளைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். வெட்டிய மரம் துளிர்க்காது என்பது எசாயாவுக்குத் தெரிந்த மாதிரி.

முளைக்காதவர்கள்? இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. எலிசபெத்தைப் பற்றி எழுதினார்கள். அதே யூதேய மலைநாட்டில் கடைசி வரை மடி நிறையாமல் போன பெண்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பஸ் ஏறுகிறவர்களுக்கு இருப்பும் அழைப்பும் எந்த விதத்தில் ஆறுதல் என்று கேட்டால், எலிசபெத்தின் மகனிடம்தான் போக வேண்டியிருக்கிறது. முதலாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற உடை போட்டு மகிழச் சொல்லும் ஞாயிறு, மத்தேயு 11. ஏரோதின் சிறையில் இருக்கிறார் யோவான். நடுவில் நிற்கிறவர் இவர்தான் என்று அடையாளம் காட்டியவருக்கே இப்போது சந்தேகம். வரவேண்டியவர் நீர்தானா, வேறு ஒருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று தம் சீடர்களை அனுப்பிக் கேட்கிறார். இயேசு எசாயாவின் சொற்களிலேயே பதில் கொடுத்தனுப்புகிறார்: பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி போய்ச் சேருகிறது. எசாயாவில் இந்த மாதிரிப் பட்டியல் வரும் இடங்களில் ஒன்றில் சிறைப்பட்டோருக்கு விடுதலையும் உண்டு. யோவானுக்குப் போன பதிலில் அது மட்டும் இல்லை. யோவான் அந்த வேதத்தைக் கரைத்துக் குடித்தவர், விட்டுப்போனது எது என்று கேட்டவுடனே தெரிந்திருக்கும். சீடர்கள் திரும்பிப் போனார்கள், சேதியைச் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்று மத்தேயு எழுதவில்லை.